திருக்கேதார யாத்திரை

(பங்குனிப் பெருவிழா ஐந்தாம் நாள் சொற்பொழிவு)



அம்மையப்பர் இடப வாகனத்தில் திருவீதி எழுந்தருளுதற்கு இன்னும் சிறிது நேரமே உள்ளது. அதற்குள் பேசி முடிக்க வேண்டும் என்பது எமக்கு இடப்பட்ட கட்டளை. வரும் புரட்டாசித் திங்களில் நம் திருக்கோயில் அன்பர்கள் முப்பதின்மர் ஒரு குழுவாகத் திருக்கேதாரம் சென்று வழிபடுவது என வழிபாட்டுக் குழுவினர் முடிவு செய்துள்ளனர். வழிகாட்டி அழைத்துச் செல்லும் பொறுப்பை அடியேனிடம் ஒப்புவித்துள்ளனர். ஆகவே இன்று புராணம் பாதியும் பயண ஏற்பாடு பாதியுமாகவே பேச நேரும். இடபத்தின் மேல் பெருமான் எழுந்தருளும் இந்நாளில் கேதாரத்தைப் பற்றிப் பேசுவதும் பொருத்தமே. அங்கே மூலத்தானத்தில் விளங்கும் இலிங்கத் திருமேனி நம் ஊர்க் கோயில்களிற் காணும் பாணம் போன்றதன்று. மனிதர் உளி படாத முக்கோண வடிவான பாறை. பாரதப் போர் முடிந்து பாவந்தீரத் தேடி வந்த பாண்டவர்க்கு ஒளித்து, பெருமான் இடப வடிவு கொண்டு நிலத்துட் புகுந்தார் என்றும், அவ்விடபத்தின் திமிலே கேதாரத்தில் நின்றது என்றும் அந்நாட்டார் கூறுவர். ஏனைய உறுப்புக்கள் துங்கநாதம், ருத்ரநாதம், மத்தியமகேசுவரம், கல்பேசுவரம் ஆகிய தலங்களில் வெளிப்பட்டன என்பர். இவ்வைந்தும் சேர்ந்தே பஞ்ச கேதாரம்.

தேவாரப் பாடல் பெற்ற வடநாட்டுத் தலங்களுள் கேதாரமும் ஒன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். ஞானசம்பந்தப் பெருமானும் சுந்தரமூர்த்தி சுவாமிகளும் அதனைப் பாடியுள்ளனர். ஆனால் அவர்கள் எங்கிருந்து பாடினர் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இருவரும் திருக்காளத்தியில் நின்றே பாடினர். வடக்கிலும் மேற்கிலும் தமிழ் வழங்காமையால் பிள்ளையார் காளத்தியிலிருந்தே கயிலையையும் கேதாரத்தையும் பிற பதிகளையும் பாடினார் என்று சேக்கிழார் பெருமான் காரணமும் காட்டுகிறார். சுந்தரர் தம் கேதாரப் பதிகத்தில் இவ்வாழ்வின் நிலையாமையையும் உடம்பு மண்ணாவதையும் எடுத்துச் சொல்லி, கேதாரம் என்று வாயாரச் சொல்லுங்கள் என்றே பாட்டுத்தோறும் அறிவுறுத்துகிறார். ஏறுங்கள் என்று அவர் கூறவில்லை. இதனை உங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வேலை இருக்கிறது.

இனி மலையைப் பற்றிச் சொல்வேன். கேதாரநாதர் கோயில் உத்தராகண்ட் மாநிலத்தில் ருத்ரப்பிரயாகை மாவட்டத்தில், கடல் மட்டத்திற்கு மேல் 3,583 மீட்டர் உயரத்தில் உள்ளது. சோராபாரி என்னும் பனியாற்றிலிருந்து பிறக்கும் மந்தாகினி அதன் அருகே ஓடுகிறது. நாம் ரயிலில் டெல்லி சென்று, அங்கிருந்து ஹரித்துவாரம், ரிஷிகேசம் அடைவோம். ரிஷிகேசத்திலிருந்து சோன்பிரயாகைக்கு மலைப்பாதையில் சுமார் 210 கி.மீ. வழியில் பாகீரதியும் அளகநந்தாவும் கூடிக் கங்கை என்று பெயர் பெறும் தேவப்பிரயாகை. ஆழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் அதுவே. நம் குழுவில் வைணவ அன்பர் இருவர் உளர். அவர்கள் பொருட்டு அங்கே ஒரு பொழுது தங்குவோம். அப்பால் ருத்ரப்பிரயாகையில் மந்தாகினி அளகநந்தாவோடு சேரும் இடத்தைக் காண்போம். அதனைக் கடந்து மந்தாகினிக் கரையில் ஓர் ஊர். அதன் பெயர் அகஸ்தியமுனி. அங்கே குறுமுனிவர்க்குக் கோயிலும் உண்டு. பொதியமலைக்கு வந்த முனிவர் புறப்பட்ட திசையில் நம் வண்டி செல்கிறது என்று எண்ணும்போது எவர்க்கும் உள்ளம் சிலிர்க்கும்.

அடுத்துக் குப்தகாசி. அங்கே இரண்டு இரவு தங்குவோம். இந்த இரண்டாம் இரவைக் குறைத்து ஒரு நாள் வாடகையை மிச்சப்படுத்தலாம் என்று சில அன்பர்கள் யோசனை கூறினர். அதற்கு அடியேன் உடன்படவில்லை. காரணம் சொல்கிறேன்.

கேதாரத்தின் உயரத்தில் காற்றின் அழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. ஒவ்வொரு மூச்சிலும் நாம் பெறும் பிராணவாயு அந்த அளவிற்குக் குறைகிறது. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். ஆயினும் அதற்கு நாட்கள் வேண்டும். பழகாத உடம்போடு விரைந்து ஏறுவோர்க்கு முதலில் தலைவலி, குமட்டல், உணவில் வெறுப்பு, உறக்கமின்மை தோன்றும். அந்நிலையில் மேலும் ஏறாது ஓய்வு கொண்டால் பெரும்பாலும் தணிந்துவிடும். ஓய்ந்து அமர்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறுதல், விடாத இருமல், நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல் இவை தோன்றின் அது வேறு செய்தி. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துவிட்டது என்பதற்கு அவை அடையாளம். அதற்கு முதல் மருந்து கீழிறங்குதலே. இரவென்றும் மழையென்றும் பாராமல் இறங்க வேண்டும். பிராணவாயு உருளை அதற்குத் துணையாகுமே தவிர ஈடாகாது. மாத்திரைகள் உண்டே என்பீர்கள். உண்டு, மருத்துவர் தந்தாலன்றி அவற்றைத் தொடலாகாது.

"யான் திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் கிரிவலம் வருகிறேன், 14 கி.மீ. நடந்து பழகிய கால்களுக்குக் கேதாரத்து 16 கி.மீ. பெரிதா?" என்று ஓரன்பர் கேட்டார். நல்ல கேள்வியே. கௌரிகுண்டத்தில் நடைப்பாதை தொடங்கும் இடம் ஏறத்தாழ 1,980 மீட்டர் உயரம். அங்கிருந்து கோயில் வரை 1,600 மீட்டர் ஏற வேண்டும். நம் தாயுமானவர் வீற்றிருக்கும் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைப் பாறை 83 மீட்டர் உயரமே. பத்தொன்பது மலைக்கோட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதிலும் மெலிந்த காற்றில், குளிரில் ஏறுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். கிரிவலப் பழக்கம் வீணாகாது. ஆனால் அது போதாது. இன்று பங்குனி, புறப்பட ஆறு திங்கள் உள்ளன. பெயர் கொடுப்போர் நாளைக் காலை முதலே நடக்கத் தொடங்க வேண்டும். சமதரையில் தொடங்கி, பின்னர்ப் படியேறிப் பழகுங்கள். படியுள்ள குன்றுக்கா நம் நாட்டில் பஞ்சம்!

மட்டக்குதிரை உண்டு, நால்வர் சுமக்கும் டோலி உண்டு, முதுகிற் கட்டிய கூடையில் ஒருவரே தூக்கிச் செல்லும் கண்டியும் உண்டு. ஹெலிகாப்டரும் உண்டு. இவற்றை யாம் விலக்கவில்லை. ஆனால் குதிரை உங்கள் காலைச் சுமக்குமே ஒழிய நுரையீரலைச் சுமக்காது. ஹெலிகாப்டரில் செல்வோர்க்கு ஆபத்து இன்னும் மிகுதி. சில நிமிடங்களில் உடம்பு பழகுவதற்கு வழியில்லை. வானிலை நொடியில் மாறும் பள்ளத்தாக்கு அது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் கேதாரத்தின் அருகே வீழ்ந்த ஹெலிகாப்டரில் எழுவர் மாண்டனர். அவர்களுள் தமிழ்நாட்டு யாத்திரிகர்களும் இருந்தனர். 2025-ஆம் ஆண்டு ஜூனில் கௌரிகுண்டத்தின் அருகே மீண்டும் ஒன்று வீழ்ந்து எழுவர் மாண்டனர். சோன்பிரயாகையிலிருந்து கோயில் வரை 12.9 கி.மீ. நீளத்திற்குக் கம்பிவடப் பாதை அமைக்க 2025 மார்ச்சில் மத்திய அரசு ஒப்புதல் அளித்துள்ளது. அது வந்த பின்னும் மேலே உள்ள காற்று இதே காற்றாகவே இருக்கும்.

ஏன் புரட்டாசி என்று கேட்கலாம். திருநடை திறக்கும் நாளை ஊகிமடத்தில் மகாசிவராத்திரி அன்று அறிவிப்பர். பெரும்பாலும் ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ திறப்பர். குளிர்காலமெல்லாம் ஊகிமடத்து ஓங்காரேசுவரர் கோயிலில் பூசை கொண்ட உற்சவத் திருமேனி, அப்போது பல்லக்கில் மலையேறும். மே, ஜூன் திங்கள்களில் கூட்டம் சொல்லி முடியாது. 2023-ஆம் ஆண்டில் மட்டும் 19 லட்சத்திற்கும் மேற்பட்டோர் கேதாரத்தைத் தரிசித்தனர். ஜூலை, ஆகஸ்டு மழைக்காலம்; மண்சரிவும் பாறை வீழ்ச்சியும் மிகுந்த காலம். 2024-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று கொட்டிய பெருமழையில் நடைப்பாதை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் நடுவழியில் சிக்கி மீட்கப்பட்டனர். புரட்டாசியில் மழை தணிந்து வானம் தெளியும். குளிர் சற்று மிகும். அதனைக் கம்பளி தாங்கும்.

2013-ஆம் ஆண்டு ஜூன் 16, 17 ஆகிய நாட்களை இங்கே நினையாமல் இருக்க இயலாது. விடாமழையாலும், கோயிலுக்கு மேலிருந்த சோராபாரி ஏரி உடைந்ததாலும், கல்லும் மண்ணும் நீருமாக ஒரு பிரளயம் இறங்கியது. உத்தராகண்டம் முழுவதும் இறந்தோரும் காணாமற் போனோருமாக 5,000 பேருக்கு மேல். யாத்திரிகர் தங்கி இளைப்பாறிய ராம்பாடா என்னும் சட்டி இருந்த இடம் தெரியாமல் அழிந்தது. வெள்ளத்தோடு உருண்டு வந்த பெரும்பாறை ஒன்று கோயிலின் பின்புறம் வந்து நின்று, நீரை இருபுறமும் பிளந்து ஒதுக்கிற்று; கோயில் நின்றது. அப்பாறையைப் பீமசிலை என்று அழைத்து இன்றும் வணங்குகின்றனர். அதனை அருட்செயல் எனப் போற்றுவோம். ஆயினும் பாறை காத்தது என்று மட்டும் பேசி, அன்று மாண்ட ஆயிரவரை மறந்து பேசுவது அடியேனுக்கு ஒவ்வாது. அவர்களும் நம்மைப்போல் பெயர் பதிந்து, பை கட்டி, பிள்ளைகளிடம் விடைபெற்றுச் சென்ற அடியார்களே. பழைய பாதை அழிந்தமையால் இப்போது பீம்பலிக்கு அப்பால் ஆற்றைக் கடந்து மறுகரை வழியே ஏறுகிறோம். முன்பு 14 கி.மீ. ஆக இருந்த வழி 16 கி.மீ. ஆனதும் அதனாலேயே.

அன்பர்களே! பயணக் குழுவிற்கு நாம் வகுத்துள்ள விதிகளுள் ஒன்றைப் பற்றி மனத்தாங்கல் எழுந்திருப்பதை அறிவேன். "வழிகாட்டி இறங்கு என்றால் எவராயினும், எவ்விடத்திலாயினும், மறுப்பின்றி இறங்க வேண்டும்" என்பது அவ்விதி. முதியவர் ஒருவர், இதய நோயுள்ளவர், அடியேனைத் தனியே அழைத்து, "ஐயா, எனக்கு வயது எழுபத்திரண்டு. அங்கே உயிர் போனால் அதைவிடப் பேறு எனக்கு ஏது? என்னை ஏன் தடுக்கிறீர்கள்?" என்று கண்ணீர் மல்கக் கேட்டார். அவர் இச்சபையிலும் இருக்கக்கூடும். அவருடைய அன்பின் முன் அடியேன் ஒரு துரும்பு. ஆயினும் விடை சொல்லியாக வேண்டும்.

நாவுக்கரசர் பெருமானை நினைமின். திருக்காளத்தியிலிருந்து வடதிசை நோக்கிப் புறப்பட்டு, பல நாடு கடந்து, காசியை அடைந்து, உடன் வந்த தொண்டர்களை அங்கே நிறுத்திவிட்டுத் தாம் தனியே கயிலை நோக்கி நடந்தார். கால் தேய்ந்தது, கையால் ஊன்றிச் சென்றார். கையும் தேய்ந்தது, மார்பால் நகர்ந்தார். மார்பும் நைந்தது, புரண்டார். முனிவராய் வந்த பெருமான், மானுடர்க்கு இது அரிது, மீள்க என்றபோது, அப்பர் மீள மறுத்தார். ஆனால் முடிவு யாது? பெருமான் அவரை மலைமேல் ஏற்றவில்லை. அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் எழச் செய்து, காவிரிக் கரையில் கயிலைக் காட்சி நல்கினார். அங்கே பிடியோடு களிறும் பேடையோடு சேவலும் வரக் கண்டு, அவையனைத்திலும் சத்தியையும் சிவத்தையும் கண்டு நின்றார் அப்பர். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து கயிலை ஏறினாரே என்பீர்கள். அவர் அதற்கு முன்பே ஊனுடம்பை உதறிப் பேயுருக் கொண்டவர். ஊனுடம்போடு சென்ற அப்பரையோ பெருமானே திருப்பி அனுப்பினார். இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. அடியார்களைக் காசியில் விட்டுச் சென்ற செயலே அது. தம் உடம்பைத் தேய்க்க அவர் துணிந்தார். உடன் வந்தவர் உடம்பைத் தேய்க்கத் துணியவில்லை.

மலைமேல் ஒருவர் வீழ்ந்தால் வீழ்வது அவர் ஒருவர் மட்டுமன்று. அவரைச் சுமந்து இறக்க நால்வர் வழுக்குப் பாறையில் இரவில் இறங்க வேண்டும். அந்நால்வரும் அந்த மலைக் கிராமத்து ஏழை மக்கள். அவர்களுக்கும் பெண்டு பிள்ளைகள் உளர். குழுவின் எஞ்சியோர் தரிசனம் விட்டுத் திகைத்து நிற்பர். முத்தி வேண்டும் என்ற ஒருவரின் விருப்பத்திற்கு இத்தனை பேர் விலை கொடுக்க வேண்டுமா?

2019-ஆம் ஆண்டு புரட்டாசியில் அடியேன் ஒரு சிறு குழுவோடு சென்றிருந்தேன். கணவனும் மனைவியுமாக ஒரு குடும்பத்தார் உடன் வந்தனர். முப்பது ஆண்டுகளாகக் கேதாரகௌரி நோன்பு நோற்று, இருபத்தோரிழை நூல் கையிற் கட்டிக்கொண்டு வரும் தம்பதியர். லிஞ்சோலியை அடைந்தபோது அம்மையார்க்கு அமர்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தது; உதடு நீலம் பாய்ந்தது. கோயிலுக்கு இன்னும் ஏறத்தாழ ஐந்து கி.மீ.தான். உடன் வந்த வழிகாட்டி கட்வால் நாட்டு இளைஞர். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு அவர் மொழி அரைகுறை. அவர் அம்மையாரின் முகத்தைப் பார்த்தார். கையைக் கீழ்நோக்கிக் காட்டினார். அவ்வளவே. அம்மையார் கணவரைப் பார்த்து, "நீங்கள் போய்த் தரிசித்து வாருங்கள்; யான் இந்த இளைஞரோடு இறங்குகிறேன்" என்றார். கணவர் சற்று நேரம் மேலே பனிமலையைப் பார்த்தபடி நின்றார். பின்பு, "நோன்பை இருவரும் சேர்ந்துதானே நோற்றோம்" என்று சொல்லிவிட்டுக் கைத்தடியைத் திருப்பி ஊன்றினார்.

கேதாரகௌரி நோன்பின் வரலாறே அதுதானே! பிருங்கி முனிவர் அம்மையை விடுத்து ஐயனை மட்டும் வலம் வந்தார். அதனால் பிரிந்து வந்த அம்மை, கௌதம முனிவர் சொற்படி கேதார விரதம் நோற்று, ஐயன் திருமேனியில் இடப்பாகம் பெற்றாள். ஒருவர் தனித்து வழிபடப்பெறுவது கூடாது என்பதற்காக நோற்ற நோன்பு. அந்நோன்பை நோற்றவர் மனைவியைப் பாதி வழியில் விட்டுத் தாம் மட்டும் ஏறுவாராயின், பிருங்கியின் வழியைப் பின்பற்றியவரே ஆவார். அவர்கள் இருவரும் அன்றிரவே குப்தகாசிக்கு வந்து சேர்ந்தனர். கீழே வர வர அம்மையாரின் மூச்சுச் சீரானது. மறுநாள் விசுவநாதர் கோயிலுக்கு அருகே உள்ள அர்த்தநாரீசுவரர் சந்நிதியில் இருவரும் நின்று வழிபட்டனராம். நாங்கள் தரிசனம் முடித்து இறங்கி வந்து திருநீறு கொடுத்தபோது, அந்தப் பெரியவர் அதை முதலில் மனைவியின் நெற்றியில் இட்டார்.

ஆகவே இம்முறை ஏற்பாட்டிலேயே ஒரு மாற்றம் செய்துள்ளோம். மலையேறுவோர் ஏறட்டும். ஏற இயலாதோர்க்கும் இடையில் இறங்கி வருவோர்க்கும் வெறும் விடுதியறையில் காத்திருக்கும் துன்பம் வேண்டா. குப்தகாசியில் நம் குழுவினர் ஒருவர் வண்டியோடு இருப்பார். அவர்களை ஊகிமடத்து ஓங்காரேசுவரர் கோயிலுக்கும், சோன்பிரயாகைக்கு அருகே மலைமேல் உள்ள திரியுகிநாராயணத்திற்கும் அழைத்துச் செல்வார். அம்மையப்பர் திருமணம் நிகழ்ந்த இடம் அது என்பர். அணையாது காக்கப்படும் வேள்வித் தீ அங்கே இன்றும் எரிகிறது. இதய நோயுள்ள அந்தப் பெரியவர் இப்பிரிவில் பெயர் கொடுக்க இசைந்தால் அடியேன் பெரிதும் மகிழ்வேன். அவர் குப்தகாசியில் நின்று மலையை நோக்கிக் கேதாரம் என்று சொல்லட்டும். சுந்தரர் கேட்டது அவ்வளவுதானே.

எஞ்சிய செய்திகளை விரைவாகச் சொல்லி முடிக்கிறேன். மேளச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. அம்மாநில அரசிடம் யாத்திரைப் பதிவு செய்து கொள்ளாமல் எவரையும் மேலே விடமாட்டார்கள். ஆதார் அட்டையின் படியைக் கொடுத்தால் பதிவை நாமே செய்து தருவோம். கம்பளிச் சட்டை, குல்லாய், கையுறை, மழையங்கி, பிடிப்புள்ள காலணி, கைத்தடி ஆகியவை தவறாமல் வேண்டும். புதுக் காலணி வேண்டா. இப்போதே வாங்கி அணிந்து பழக்குங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலியவற்றிற்கு உட்கொள்ளும் மருந்துகளை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பைகளில் வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் குளிரில் உறையாதபடி உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும். விடியலில் ஏறத் தொடங்கி மாலைக்குள் மேலே சேர்வோம். அன்றிரவு அங்கே தங்கி, மறுநாட் காலைத் தரிசனம் முடித்து இறங்குவோம். எவரும் தனியே முந்திச் செல்லலாகாது. மூச்சு வாங்கும் போது பஞ்சாக்கரத்தை உரக்கச் சொல்லாதீர்கள். மனத்தில் சொல்லுங்கள், பெருமானுக்குக் கேட்கும்.

அங்கே பூசைத் தலைமை பூண்டிருக்கும் ராவல் கன்னட நாட்டு வீரசைவ மரபினர். ஆகவே தென்னாட்டார் நாம் அங்கே அயலார் அல்லோம். கூட்டமில்லாத காலை வேளையில், கோயிலார் அனுமதிக்கும்போது, பெருமான் திருமேனியில் நம் கையாலேயே நெய் சாத்தி வழிபடலாம். ஆளுக்கு ஒரு சிறு குப்பியில் நெய் எடுத்து வாருங்கள்; இறுக மூடி வாருங்கள். சென்ற முறை ஒருவர் நெய் முழுவதும் அவருடைய கம்பளிக்கே அபிடேகமாயிற்று.

பெயர் கொடுப்போர் சித்திரை முடிவதற்குள் கோயில் அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பதியும்போது, இதயச் சோதனை உட்பட மருத்துவரின் சான்றைக் கொண்டுவர வேண்டும். ஏறும் பிரிவா, குப்தகாசிப் பிரிவா என்பதையும் அப்போதே குறிப்பிடுங்கள். கட்டணம் இரண்டிற்கும் வேறு வேறு. அலுவலகத்தில் எழுதி ஒட்டியுள்ளனர். நாளை மாலை இதே நேரத்தில் கண்ணப்பர் வரலாறு.

திருச்சிற்றம்பலம்.